முடிச்சுவிடு

பத்தொன்பது வருடமாக நான் மெல்பேர்ணில் மொழிபெயர்ப்பாளன். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், குடிவரவு நேர்காணல், ரெலிபோனில் வரும் மின்சாரக் கட்டணச் சண்டை எல்லாவற்றிலும் என் வாய் உழைத்திருக்கிறது. இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு தரம்கூட நான் "மன்னிக்கவும், மொழிபெயர்ப்பில் ஒரு திருத்தம்" என்று சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லுவார்கள். ஈரலைச் சிறுநீரகம் என்று சொல்லிவிட்டுப் பிறகு தலையைச் சொறிவார்கள். நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என் மனைவி இராஜேஸ்வரி இதைத் திமிர் என்பாள். நான் தொழில் சுத்தம் என்பேன்.

எங்கள் தொழிலில் சட்டம் கடுமையானது. சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, பக்கத்தில் நின்று விளக்கம் கொடுக்கவும் கூடாது. பேசுகிறவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். இதனால் ஒரே நாளில் காலையில் ஏழு மாதக் கர்ப்பிணியாகவும் மத்தியானம் கார் திருடியவனாகவும் இருந்திருக்கிறேன். என்னைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் மட்டும் "மொழிபெயர்ப்பாளர்" என்று யாரோ மூன்றாம் மனிதனைப் போலச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் தேவை எனக்கு வந்ததேயில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஓகஸ்டில் ஒரு ஒலிப்பதிவு வந்தது. மூன்று நிமிடம். யார், எங்கே, என்ன என்று ஒரு விபரமும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பு என்றிருந்தது, அவ்வளவுதான். கேட்கத் தொடங்கியதும் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. காற்று இரைகிறது. தடதடவென்று ஆட்கள் ஓடுகிறார்கள். பெண்பிள்ளைகள் வீரிட்டுக் கத்துகிறார்கள். அதற்குள் தொண்டை கிழிய ஒரு யாழ்ப்பாணத்துக் குரல்: "ஆளை வெட்டு! வெட்டிக்கொண்டு உள்ளுக்குப் போ! அடி! தலையாலை அடி! அவளைப் பிடி, விடாதை!" கடைசியில் எல்லாச் சத்தத்துக்கும் மேலாக, "முடிச்சுவிடு!" என்று ஒரு அலறல். பிறகு விசில் ஊதியது. அப்பாடா, பொலிஸ் வந்துவிட்டது என்று ஆறுதலடைந்தேன்.

சிரிக்க வேண்டாம். எனக்கும் பந்துக்கும் ஜென்மப் பகை. கல்லூரியில் மற்றவர்கள் மைதானத்தில் ஓடியபோது நான் தமிழ்ச் சங்கத்தின் செயலாளராக வாசிகசாலையில் இருந்தவன்.

இரண்டாம் தரம் கேட்கும்போது ஹெட்போன் வயர் கழன்று, வீடு முழுக்க அந்தக் குரல் கேட்டுவிட்டது. குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த இராஜேஸ்வரி நிமிர்ந்தும் பார்க்காமல், "ஆரோ பந்தடிக்கினம் போல கிடக்கு" என்றாள். இது இரகசிய ஆவணம், இதைக் கேட்க உனக்கு அனுமதி இல்லை, கேட்டாலும் அபிப்பிராயம் சொல்ல அனுமதி இல்லை என்று பெரிதாக ஒரு பிரசங்கம் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பிறகு என் வேலையைச் சுத்தமாகச் செய்தேன். 'அடி' என்பதற்கு 'ஹிட்' என்று போட்டேன். 'ஆளை வெட்டு' என்பதற்கு 'கட் த மேன்' என்று போட்டேன். 'முடிச்சுவிடு' வந்ததும் பேனை நின்றது. தமிழுக்கு அந்த ஒரு சொல் போதும். எதை, யாரை என்று நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. இங்கிலிஷ்காரருக்கு அது காணாது, யாரை என்று சொல்லியே ஆகவேண்டும். பெண்பிள்ளைகள் கத்துகிறார்கள், முந்தின வரியில் 'அவளைப் பிடி' என்றும் இருக்கிறது. ஆகவே 'பினிஷ் ஹெர் ஓஃப்' என்று எழுதினேன். அதாவது, 'அவளைத் தீர்த்துக்கட்டு'. வாசித்துப் பார்க்க வசனம் நன்றாக அமைந்திருந்தது. முத்திரையைக் குத்தினேன். அந்த முத்திரையில் என் பெயர் இராது, இலக்கம் மட்டும்தான் இருக்கும்.

மூன்று கிழமை கழித்து ஒரு புதன்கிழமை மாலை ஆறு மணிக்குக் கிரான்பர்னுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. ஏதோ இளையோர் விளையாட்டுச் சங்கம். ஒழுக்காற்று விசாரணையாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். போனேன். மைதானத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட மண்டபம். வெளியே மைதான விளக்கின் கீழ் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் ஒரு பந்தை உதைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே நீளமான மேசை, அதன் ஒருபக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலைவி ஹீதர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். மற்ற இரண்டு ஆண்களும் பிஸ்கட் சாப்பிட்டார்களே தவிர, கடைசிவரை வாய் திறக்கவில்லை. எதிரே தனிக் கதிரையில், கலியாணத்துக்குத் தைத்த கோட்டைக் கஷ்டப்பட்டுப் பூட்டிக்கொண்டு, குள்ளமாக ஒரு மனிதர் இருந்தார். அந்தோனிப்பிள்ளை பிரதீஸ், வயது நாற்பத்திரண்டு, டண்டினோங்கில் கோழித் தொழிற்சாலையில் வேலை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்குப் பயிற்றுநர். என்னைக் கண்டதும் எழுந்து, "வணக்கம் அண்ணை" என்றார். தொழிற்சாலைக்குப் போதுமான இங்கிலிஷ் அவரிடம் இருந்தது, விசாரணைக்குப் போதுமானது இருக்கவில்லை.

ஹீதர் குற்றச்சாட்டை வாசித்தார். எதிரணியின் பொறுப்பாளர் ஒருவர், இவர் அந்நிய மொழியில் கத்துவதைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று முறைப்பாடு செய்திருக்கிறார். பிள்ளைகளைப் படம் பிடிக்கக் கூடாது என்பதால் சத்தத்தை மட்டும் பதிந்து கொடுத்திருக்கிறார். அதன் மொழிபெயர்ப்பு இதோ இருக்கிறது. இது உண்மையென்றால் இரண்டு வருடத் தடை. அதோடு, பிள்ளைகளோடு வேலைசெய்ய அட்டை கொடுக்கும் அலுவலகத்துக்கும் அறிவிக்கப்படும். அந்த அட்டை போனால் இந்த நாட்டில் இனி எந்தப் பிள்ளைக்கும் பந்து உருட்டிக் காட்டக்கூட இயலாது. முடிவு வரும்வரை அவர் அணிப் பிள்ளைகளோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி.

சொல்லிக்கொண்டே ஹீதர் கடதாசியை என் பக்கம் தள்ளினார். அடியில் என் முத்திரை, என் இலக்கம். 'பந்தடிக்கினம் போல கிடக்கு' என்ற குரல் ஐம்பது கிலோமீற்றர் தள்ளியிருந்த குசினியிலிருந்து தெளிவாகக் கேட்டது.

என் மொழிபெயர்ப்பே சாட்சியாக இருப்பதால் சட்டப்படி நான் அந்த இடத்திலேயே விலகியிருக்க வேண்டும். விலகினால் வேறு ஆள் பிடிக்க இரண்டு கிழமையாவது ஆகும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இப்படி ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். உண்மை என்னவென்றால், வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

உங்களுக்குப் பயிற்றுநராக என்ன அனுபவம் என்று ஹீதர் கேட்டார். பிரதீஸ் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். வாழ்நாளில் ஒரு பந்தைத் தொடாதவன், அந்த மண்டபத்தில் கம்பீரமாக, நான் கல்லூரி அணிக்கு மூன்று வருடம் இடது பக்கத்தில் விளையாடினேன், கடைசி வருடம் நான்தான் கப்டன் என்றேன். ஹீதருக்குப் புருவம் ஏறியது, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான் என்றார் பிரதீஸ். ஏறிய புருவம் இறங்கியது.

அவருடைய 'நான்' என் வாயில் தொடர்ந்தது: அகில இலங்கை அரையிறுதிக்குத் தெரிவானோம். சண்டையால் தரைப்பாதை பூட்டியிருந்த காலம், கப்பலில்தான் போக வேண்டும். நான் கப்பலில் ஏறினேன், வழியெல்லாம் தின்றதைச் சத்தி எடுத்தேன். என் கோல்காப்பாளன் என்னைவிட மோசமாக எடுத்தான். மைதானத்தில் இறங்கியபோதும் எங்களுக்கு நிலம் ஆடியது. ஏழுக்குப் பூச்சியம். அந்த ஏழில் இரண்டை நாங்களே எங்களுக்கு அடித்தோம். அதற்குப் பிறகு என்னை எந்தக் கழகமும் கேட்கவில்லை. கல்லூரிதான் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று விசிலைத் தந்தது. ஒன்பது வருடம் பார்த்தேன். என் பிள்ளைகள் மாகாணக் கிண்ணம் இரண்டு தரம் எடுத்தார்கள். பிறகு படகில் இங்கே வந்தேன், அதிலும் சத்தி எடுத்தேன். இங்கே என் மகள் வினுஷாவை ஒருநாள் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டபோது பயிற்றுநர் வரவில்லை. பிள்ளைகள் குளிரில் நின்றார்கள். காரில் இருந்து இறங்கினேன். நாலு வருடமாக இன்னும் திரும்பி ஏறவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது எனக்கே காலில் பூட்ஸ் போட்டதுபோல இருந்தது. பிரதீஸ் சொன்னதில் பெருமையும் இல்லை, அழுகையும் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

இங்கிலிஷ் பிள்ளைகளோடு ஏன் தமிழில் கத்துகிறீர்கள் என்று ஹீதர் கேட்டார். ஆட்டம் சூடாகும்போது இங்கிலிஷ் வராதாம். முதல் வருடம் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை, கடைசி இடம். இரண்டாம் வருடம் ஆப்கான் பிள்ளையும் வியட்நாம் பிள்ளையும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் 'வெட்டு' என்றால் எதிரில் நிற்கும் ஆளைச் சுற்றிப் பந்தைக் கொண்டு போவது, 'அடி' என்றால் பந்தை அடிப்பது, 'ஆளைப் பிடி' என்றால் அந்த ஆளோடு கூடவே ஓடுவது என்று படித்துவிட்டார்கள். எதிரணிக்கு ஒரு மண்ணும் விளங்காது. வீட்டில் எதைக் கேட்டாலும் இங்கிலிஷில் பதில் சொல்லும் வினுஷாவுக்கும் மைதானத்தில் கத்தும் இந்த இருபது சொல்லில்தான் தமிழ் வாழ்கிறதாம்.

ஹீதர் நியாயமான மனுஷி. அடி, வெட்டு, பிடி எல்லாம் விளையாட்டுப் பேச்சு என்று ஏற்றுக்கொள்கிறேன் என்றார். பிறகு விரலைக் கடைசி வரியில் வைத்தார். "அவளைத் தீர்த்துக்கட்டு." இது விளையாட்டு அல்ல, ஒரு சிறுமியைக் காட்டி இன்னொரு சிறுமிக்குச் சொன்னது என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் பிரதீஸ் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"அதிலை அவளை எண்டு நான் சொல்லேல்லை. முடிச்சுவிடு எண்டுதான் சொன்னனான். பந்தை! எந்த விசரன் இதை மொழிபெயர்த்தவன்?"

கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இதை மொழிபெயர்த்த பைத்தியக்காரன் யார் என்று அந்த மண்டபத்துக்கு ஆங்கிலத்தில் அறிவித்தேன். மொழிபெயர்த்தவரை அவமதிக்க வேண்டாம் என்றார் ஹீதர். அவர் சான்றிதழ் பெற்ற நிபுணர், பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை, உங்களுக்கோ இருக்கிறது. அதையும் தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் நாக்கு எனக்கே கசந்தது.

பிரதீஸ் பிறகு வாதாடவில்லை. கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். அவருடைய அணிப் பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். "ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளோடை ஆர் நிப்பினம் எண்டு ஒருக்காக் கேளுங்கோ அண்ணை" என்றார் மெதுவாக.

கேட்டேன். ஹீதர் கடதாசியில் எதையோ எழுதத் தொடங்கினார். முத்திரையில் பெயர் இல்லை. நான் பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. பத்தொன்பது வருடப் பெயர் அப்படியே இருக்கும். ஏழுக்குப் பூச்சியத்தையே மேசையில் போட்டுக் காட்டிய மனிதன் பக்கத்தில் இருக்கிறான், நான் ஒரு 'அவளை'யை ஒளித்து வைத்திருக்கிறேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

எழுந்து நின்றேன். "மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறார்" என்றேன்.

எந்த மொழிபெயர்ப்பாளர் என்று ஹீதர் கேட்டார். இந்த மொழிபெயர்ப்பாளர் என்றேன். அந்தக் கடதாசியின் கடைசி வரியில் உள்ள 'ஹெர்' என்ற சொல் ஒலிப்பதிவில் அந்த இடத்தில் இல்லை, அதை மொழிபெயர்ப்பாளர் தன் கையால் போட்டார், அதைப் போடாமல் விட்டால் அந்த வரிக்குப் பொருள் 'கோல் போடு' என்பதுதான், மொழிபெயர்ப்பாளர் அந்தச் சத்தத்தை ஏதோ அடிதடி என்று நினைத்துவிட்டார் என்றேன். ஹீதர் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியென்றால் சற்று முன்னர் இவர் சொன்ன அந்தப் பைத்தியக்காரன்? அதுவும் இந்த மொழிபெயர்ப்பாளர்தான் என்றேன். பிஸ்கட் சாப்பிட்டவர்கள் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்கள். இவ்வளவையும் தமிழில் பிரதீஸுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

ஹீதரும் இலேசில் விடுகிற ஆளில்லை. உங்கள் ஊர் மனிதரைக் காப்பாற்ற நீங்கள் இப்போது மாற்றிச் சொல்லவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கேள்வி சரி. யோசித்துவிட்டு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பிரதீஸ் வாய் திறக்காமல் வாசலில் நிற்க வேண்டும். தமிழ் தெரியாத ஒரு பிள்ளையை ஹீதரே தெரிவு செய்வார். எதிரே இன்னொரு பிள்ளை மறித்து நிற்கும். நான் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். பிள்ளை பந்தைப் பார்க்கிறதா, ஆளைப் பார்க்கிறதா என்று அவர் பார்ப்பாராம்.

வெளியே போனோம். ஹீதர் சஹ்ரா என்ற ஆப்கான் பிள்ளையைத் தெரிவு செய்தார். மெலிந்த பிள்ளை, கால் மட்டும் நீளம். பந்து அதன் காலடியில் இருந்தது. எதிரே உயரமான ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை மறித்தது, அதற்குப் பின்னால் கோல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீதிமன்றத்தில் பேசுவதுபோல, "தயவுசெய்து முடித்துவிடவும்" என்றேன்.

சஹ்ரா பந்தை மிதித்துக்கொண்டு நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. இந்தத் தமிழ் அதற்குத் தெரியாது. "முடித்துவிடுங்கள்" என்றேன். அதுவும் சரிவரவில்லை. வாசலில் பிரதீஸ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹீதர் பேனையை எடுத்தார். அந்தப் பேனையைக் கண்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது. தமிழ்ச் சங்கச் செயலாளர் எங்கே போனாரோ தெரியாது. கையை வீசிக்கொண்டு மைதானக் கோட்டுக்கு உள்ளே ஓடிவிட்டேன்.

"ஆளை வெட்டடி! வெட்டு! உள்ளுக்குப் போ! முடிச்சுவிடு!"

பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. மறித்து நின்றவளை ஒரு விரலாலும் தொடாமல் இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் போனது. பந்து வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது. வெட்டப்பட்ட வெள்ளைக்காரப் பிள்ளை முழு உயிரோடு ஓடிவந்து சஹ்ராவைக் கட்டிப்பிடித்தது. நான் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் துள்ளிக்கொண்டு நின்றதாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை.

உள்ளே வந்து ஹீதர் தீர்ப்பை எழுதினார். குற்றச்சாட்டு தள்ளுபடி, தடை நீக்கம். ஒரேயொரு நிபந்தனை: அந்த இருபது சொற்களுக்கும் ஆங்கிலத்தில் பொருள் எழுதி எதிரணிகளுக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் இரகசியம் போச்சே என்று பிரதீஸ் முணுமுணுத்தார், அதையும் மொழிபெயர்த்தேன். அந்தப் பட்டியலை ஒரு சதமும் வாங்காமல் செய்து தர மொழிபெயர்ப்பாளர் தயாராக இருக்கிறார் என்றேன். முத்திரை குத்த முன்னர் பிள்ளைகளிடம் ஒருமுறை காட்டினால் நல்லது என்றார் ஹீதர்.

கடைசியாக, பதிவில் சேர்க்க ஏதாவது இருக்கிறதா என்று அவர் பிரதீஸைக் கேட்டார். பிரதீஸ் கோட்டை மறுபடி பூட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஓம். முதல்ல நான் இந்த அண்ணையை விசரன் எண்டு சொன்னனான். அதைத் திருத்த வேணும்."

பரவாயில்லை தம்பி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லக்கூடாது, சட்டம். அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஹீதர் பேனையைத் தயாராக வைத்துக்கொண்டார். பிரதீஸ் என் முகத்தைப் பார்த்தார்.

"நல்ல விசரன் எண்டு போடச் சொல்லுங்கோ."

நான் அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தேன். ஹீதர் எழுதுவதை நிறுத்தி, சொல்லுக்குச் சொல் அப்படித்தானா, ஏதாவது திருத்தம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.